அடுக்களைக் கேள்விகள்: அக்கானிப் பட்டையும் கொல்லாம்பழக் கறையும்

போன இதழில் ஒரே ஒரு கேள்விதான் போட்டிருந்தேன். சின்ன வயதில் வாரத்துக்கு ஒரு தடவையாவது தின்று, இப்போது வருஷத்துக்கு ஒரு தடவைகூட வாயில் படாத பண்டம் எது என்று. வந்த கடிதங்களைப் படித்து முடிக்க இரண்டு ராத்திரி ஆனது. பாதிப்பேர் அக்கானி, அதாவது பதநீர் என்று எழுதியிருக்கிறார்கள், மிச்சத்தில் பாதி மரச்சீனி, வெளியூர்க்காரர்கள் மரவள்ளிக்கிழங்கு என்பார்களே அது. சிலர் கேள்வியே கேட்கவில்லை, அவர்கள் வீட்டுப் பழைய அடுக்களையில் அம்மி எங்கே கிடந்தது, உறி எங்கே தொங்கியது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதுவும் சரிதான். ஆனால் இடம் வேண்டுமே, அதனால் கேள்வி இருக்கிற கடிதங்களாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். எனக்குப் பூர்வீகம் கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைக்கும் கருங்கலுக்கும் நடுவில் ஒரு ஊர். நான் சொல்லும் பெயர்கள் தோவாளைப் பக்கத்துக்காரர்களுக்கு வேறாக இருக்கலாம், சண்டைக்கு வராதீர்கள்.

கேள்வி: அக்கா, அக்கானி காய்ச்சுகிற இடத்தில் நின்று, அதில் மாங்காய்த் துண்டு போட்டு எடுத்துத் தின்ற ஞாபகம் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு அதைக் காட்ட ஆசை. இப்போது அக்கானி எங்கே கிடைக்கும்? கருப்பட்டியைக் கரைத்து வீட்டிலேயே செய்துவிட முடியுமா?
(வங்கி ஊழியர், மார்த்தாண்டம்)

பதில்: தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. கருப்பட்டியைக் கரைத்தால் கருப்பட்டித் தண்ணீர்தான் கிடைக்கும், சோற்றைத் திரும்ப அரிசியாக்க முடியுமா, அந்தக் கதைதான். அக்கானிக்கு ஒரு பச்சை வாசனை உண்டு, பாளையின் வாசனையும் கலயத்துக்குள் தடவின சுண்ணாம்பின் வாசனையும் சேர்ந்தது, அடுப்பில் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் எவ்வளவு தடவுவது என்பது ஏறுகிறவர் கைக்குத்தான் தெரியும். கூடினால் நாக்கு வெந்துபோகும், குறைந்தால் மத்தியானத்துக்குள் நுரைக்கத் தொடங்கும்.

எங்கள் விளையில் ஒன்பது பனை நின்றது. ஒரு நாள் அக்கானி எங்களுக்கு, மறுநாள் ஏறுகிறவருக்கு என்று கணக்கு. எங்கள் முறை வரும் நாளில் வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பில் அம்மா காய்ச்சுவார்கள். கொதும்பு, சில்லாட்டை, காய்ந்த ஓலை என்று நாங்கள் பொறுக்கிக் கொண்டுபோட வேண்டும், பொறுக்காத பிள்ளைக்கு மாங்காய் கிடையாது. முதலில் வெள்ளையாய் நுரை பொங்கும், வழிந்துவிடாமல் இருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவார்கள், நுரை அப்படியே அடங்கிப்போகும். அப்புறம் கட்டன்சாயா நிறம் வரும். அந்த நேரம் பார்த்து மாங்காயைக் கீறி ஈர்க்கிலில் குத்தி உள்ளே விடுவோம். வெளியே எடுத்தால் மேலெல்லாம் பழுப்பு, உள்ளே மட்டும் கொஞ்சம் புளிப்பு, கடித்தால் இன்னும் ஒரு மொறுமொறுப்பு மிச்சம் இருக்கும். தேங்காய்ச் சில்லையும் போடலாம், எனக்கு மாங்காய்தான். குமிழி பெரிதாகி மாட்டுக் கண் மாதிரி மெதுவாக உடைகிற பதம் வந்ததும் எங்களை விரட்டிவிடுவார்கள், அது தெறித்தால் தோல் உரிந்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றினால் வேலை முடிந்தது. அதற்கப்புறம் சட்டியைச் சுரண்டுவதில் நடக்கிற சண்டை தனி.

கிடைக்கும் இடம் கேட்டீர்கள். தை கழிந்து வைகாசி வரைக்கும் காலம். பனை ஏறுகிற ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு முன்னால் போய் நில்லுங்கள், வேறு வழி கிடையாது. ரோட்டோரம் மத்தியானம் வரைக்கும் ஐஸ் போட்டு விற்பதை நான் வாங்குவதில்லை. இன்னொன்று, பிள்ளைகளுக்குப் பட்டையில் ஊற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். குருத்தோலையை மடக்கிக் கட்டின அந்தப் பட்டையில் குடித்தால் பாதி வாய்க்குள்ளும் பாதி சட்டையிலும் போகும். பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தால் அவர்கள் ‘ஜூஸ்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கேள்வி: முந்திரிப்பருப்பு விலை எங்கேயோ நிற்கிறது, கொல்லாம்பழம் மட்டும் மரத்தடியில் அழுகிக் கிடக்கிறதே, ஏன் அதை யாரும் விற்பதில்லை?
(தையல்காரர், குலசேகரம்)

பதில்: காலையில் பறித்த பழம் சாயங்காலம் குழைந்துவிடும், மறுநாள் புளித்த வாடை வரும். வடசேரிச் சந்தை வரைக்கும் கொண்டுபோவதற்குள் பாதி நசுங்கிவிடும், எந்த வியாபாரி வாங்குவார்? அதனால் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை எறிந்துவிடுகிறார்கள். துவர்ப்பும் ஒரு காரணம், தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் நறுக்கி உப்புத் தொட்டுத் தின்போம், சாறு சட்டையில் விழுந்தால் அந்தக் கறை சட்டை கிழிகிற வரைக்கும் போகாது. என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் நெஞ்சில் ஒரு பழுப்புத் தேசப்படம் இருந்தது.

பழத்தைவிட எனக்கு ஞாபகம் வருவது கொட்டை சுட்டதுதான். பங்குனி சித்திரையில் காய்ந்த சருகைக் கூட்டித் தீ வைத்து அதற்குள் போடுவோம். தோட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பற்றிக்கொண்டு சீறி அடிக்கும், கையில் பட்டால் தோல் பொத்துப்போகும், என் இடது மணிக்கட்டில் இப்போதும் அடையாளம் இருக்கிறது. கரியாய்ப் போன தோட்டைக் கல்லால் தட்டி எடுக்கிற பருப்பு பாதி கருகியிருக்கும், பாதி பாலாக இருக்கும். இப்போது டப்பாவில் வாங்குகிற பருப்பு வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, அதில் புகை வாசனை இல்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்காதீர்கள், எனக்குத் திட்டு வாங்கித் தராதீர்கள்.

கேள்வி: என் மகள் மருத்துவம் படிக்கிறாள். மரச்சீனியில் விஷம் இருக்கிறது, அதில் சத்தும் கிடையாது, வெறும் மாவு என்கிறாள். நாங்கள் வாரத்தில் ஐந்து நாள் அதைத் தின்று வளர்ந்தவர்கள். யார் சொல்வது சரி?
(இல்லத்தரசி, அருமனை)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. மகளைத் திட்டாதீர்கள்.

மரச்சீனியில் சயனைடு உண்டாக்குகிற பொருள் இருப்பது உண்மை, கசப்பு இனங்களில் கூடுதல். அதனால்தான் நம் அம்மாக்கள் தோலை உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்து வைத்து வேகவைத்து, கொதித்த தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டினார்கள், உப்பை அதற்கப்புறம்தான் போட்டார்கள். அந்தத் தண்ணீரை மாடு குடித்துவிடக் கூடாது என்று பார்த்துக் கொட்டச் சொல்வார்கள். ‘லினமரின்’ என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாது, வேலை தெரிந்திருந்தது. பிடுங்கி இரண்டு மூன்று நாள் ஆனால் உள்ளே கறுப்புக் கோடு ஓடிவிடும், அதை வாங்கவே வாங்காதீர்கள். நாகர்கோவில் அடுக்குமாடியில் இருக்கிற என் தங்கச்சி சூப்பர் மார்க்கெட்டில் மெழுகு பூசின கிழங்கு வாங்கி வந்து, வேகவே இல்லை என்று என்னைக் கூப்பிட்டுப் புலம்புகிறாள். காலையில் பிடுங்கி மத்தியானம் அடுப்பில் வைத்துத் தின்றவளுக்கு அது வேகாதுதான்.

சத்து விஷயத்திலும் மகள் சொல்வது சரி. தண்ணீர் போக மிச்சம் பெரும்பாலும் மாவுச்சத்துதான். ஆனால் நாம் அதை வெறுமனே தின்றோமா? கூடவே சாளை மீன் இருந்தது. சாளைப் புளிமுளமும் கிழங்கும் என்றால் மாவும் மீனும் சேர்ந்துவிட்டது, கணக்கு சரியாகிவிட்டது. சாளை இல்லாத நாளில் காந்தாரி மிளகாயும் உள்ளியும் உப்பும் வைத்து அரைத்த சம்மந்தி, அன்றைக்கு மகள் சொல்கிற கணக்குதான். அப்படிப்பட்ட நாட்கள் நிறைய இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏன் வாரத்தில் ஐந்து நாள் என்று மகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? நம் மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், அப்புறம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் கொச்சியோடும் இருந்தது. தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த இந்தக் கிழங்கை ஊர் முழுக்கப் பயிர்செய்ய வைத்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. ஜனங்கள் பயந்தபோது அரண்மனையில் சமைத்துத் தானே தின்று காட்டினார் என்று கதை சொல்வார்கள். அது எப்படியோ, 1942-ல் பர்மா ஜப்பான்காரர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றுபோனது. அந்தப் பஞ்சத்தில் வயிற்றைக் காத்தது கிழங்குதான். என் அப்பா அந்தக் காலத்துப் பிள்ளை. பிற்பாடு வசதி வந்த பிறகு மரச்சீனியைக் கையால் தொடமாட்டார், மேஜையில் வைத்தால் எழுந்து போய்விடுவார். நாங்கள் அதை ஆசையாகத் தின்பதைப் பார்த்து, பசி தெரியாத பிள்ளைகளுக்குத்தான் இது பலகாரம் என்பார்.

கேள்வி: பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒன்று இருக்குமே, அதன் பெயர் மறந்துவிட்டது. இங்கே தமிழ்நாட்டு நண்பர்கள் யாருக்கும் தெரியவில்லை. நான் கனவு கண்டேனா?
(மின்பணியாளர், துபாய்)

பதில்: கனவு இல்லை மக்களே, அது தவுண். சில ஊர்களில் பூரான் என்பார்கள், அதனால்தான் உங்கள் நண்பர்களுக்குப் பிடிபடவில்லை. பனம்பழம் தின்றுவிட்டு எறிந்த கொட்டை மண்ணில் கிடந்து முளைக்கத் தொடங்கும்போது உள்ளே திரளுகிறது. இன்னும் விட்டால் முளை கீழே இறங்கிப் பனங்கிழங்காகிவிடும், தவுண் வற்றிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள கொஞ்ச நாள்தான் அதற்கு. கொட்டையை நிறுத்தி வைத்து வெட்டுக்கத்தியால் ஒரே போடாகப் போட வேண்டும், விரல் போகாமல் இருந்தால் தவுண் கிடைக்கும். பனங்கிழங்கு தை மாதம் இப்போதும் கட்டுக்கட்டாக வருகிறது, தவுண்தான் வெட்டித்தர ஆள் இல்லாமல் போய்விட்டது.

கேள்வி: ஆடி மாதம் செவ்வாய்க்கிழமை ராத்திரி அம்மா, சித்தி, அத்தை எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ கொழுக்கட்டை செய்வார்கள். ஆண்பிள்ளைகளான எங்களைத் திண்ணைக்குத் துரத்திவிடுவார்கள். இப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது. அது என்ன என்று இனியாவது சொல்லக் கூடாதா?
(ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், பூதப்பாண்டி)

பதில்: அண்ணாச்சி, எழுபத்திரண்டு வருஷம் பொறுத்துவிட்டீர்கள், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் என்ன? ஔவையார் நோன்புக் கொழுக்கட்டையை ஆண்கள் கண்ணால் பார்க்கவே கூடாது, அச்சில் ஏற்றினால் என் ஆச்சி வந்து கனவில் அடிப்பாள்.

சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன். பச்சரிசி மாவும் தேங்காயும் உண்டு, உப்பு மட்டும் கிடையாது. வடிவம் பல விதம், அதைச் சொல்லமாட்டேன். ஊர் உறங்கின பிறகு தொடங்கி, கதை சொல்லி, வேகவைத்து, விடிவதற்குள் தின்று தீர்த்துவிட வேண்டும். எட்டு வயதில் முதல் தடவை என்னை உள்ளே விட்டார்கள், பெரிய அதிசயம் கிடைக்கப் போகிறது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வாயில் போட்டால் ஒன்றுமே இல்லை, சப்பென்று இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் என் அண்ணன்மார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக உப்பில்லாமல் இன்னும் பத்துத் தின்றிருப்பேன். உங்களுக்கு நிஜமாகவே ஆசை என்றால் ஆடி செவ்வாயில் தாழாக்குடிப் பக்கம் ஔவையார் அம்மன் கோயிலுக்குப் போங்கள். அங்கே பகலிலேயே கூழும் கொழுக்கட்டையும் வைத்துப் படைக்கிறார்கள். நடுராத்திரி விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: முந்திரிக்கொத்தில் முந்திரியே கிடையாதே, அப்புறம் எதற்கு அந்தப் பெயர்? பேக்கரியில் வாங்குவது ஏன் அம்மா செய்த மாதிரி இல்லை?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: நம் பக்கத்துப் பழைய பேச்சில் முந்திரி என்றால் திராட்சை, மலையாளத்தில் இப்போதும் அப்படித்தான். கொட்டைக்கு நமக்கு அண்டிப்பருப்பு, கொல்லாங்கொட்டை என்று வேறு பெயர் இருந்தது. உருண்டைகளை மாவில் முக்கி மூன்று நான்காகச் சேர்த்து எண்ணெயில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து மாதிரி வரும், பெயர் அங்கிருந்துதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

பேக்கரி விஷயம் வேறு. அம்மா சிறுபயறைச் சிவக்க வறுத்துத் திரித்து, தேங்காயைத் துருவித் தனியாக வறுத்து, எள், ஏலம், சுக்கு சேர்த்துக் கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கிளறுவார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும், உருட்டினால் உள்ளங்கை வெந்துபோகும். பெரியம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து ‘ஸ்ஸ்’ என்று ஊதிக்கொண்டே உருட்டுவார்கள். அப்புறம் ராத்திரி முழுக்க அப்படியே உலர விட வேண்டும், மறுநாள்தான் மஞ்சள் சேர்த்த அரிசிமாவில் முக்கிப் பொரிப்பது. ஒரு நாள் காய்ந்ததால்தான் அது கல் மாதிரி இருந்தது, தகர டின்னில் அடைத்தால் மூன்று வாரம் தாங்கும். தீபாவளிக்கு நாங்கள் கொடுத்த தட்டு கிறிஸ்துமஸுக்கு அதே முந்திரிக்கொத்தோடு திரும்பி வரும், யார் வீட்டுக் கொத்து கடினம் என்று பிள்ளைகள் கதவு இடுக்கில் வைத்து உடைத்துப் பார்ப்போம். கடையில் காலையில் பிடித்து மத்தியானம் விற்க வேண்டும், பாகு வெல்லத்தில், மேல்மாவில் மைதா. மெத்தென்று இருக்கிறது, பல் இல்லாதவர்களுக்கு நல்லது. எனக்கும் இப்போது பல் இரண்டு போய்விட்டது, குறை சொல்லிக்கொண்டே வாங்கித் தின்கிறேன்.

ஏழு பேரைச் சேர்க்க முடிந்தால் ஒரு கிலோ பயறில் செய்து பாருங்கள். தனியாக இறங்காதீர்கள்.

கேள்வி: தெரளிக் கொழுக்கட்டைக்குத் தெரளி இலை கிடைக்கவில்லை. பிரியாணிக்குப் போடுகிற இலையில் சுற்றலாமா?
(இல்லத்தரசி, சென்னை தாம்பரம்)

பதில்: சுற்றினால் ஒடிந்துவிடும், அது காய்ந்த சருகு. தெரளி பச்சை இலை, அகலமானது, கூம்பாகச் சுருட்டி மாவை அடைத்து வேகவைக்கும்போது கறுவாப்பட்டை மாதிரி ஒரு வாசனையை உள்ளே இறக்கும். ஊரிலிருந்து யாராவது வந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாழையிலையில் செய்து இலையப்பம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். திருக்கார்த்திகைக்குப் பனங்குருத்தோலையில் வைக்கிற கொழுக்கட்டைக்கும் இதே பதில்தான். மாவும் கருப்பட்டியும் எங்கேயும் கிடைக்கும், ருசி ஓலையில் இருக்கிறது.

கேள்வி: மண்டைக்காட்டு மண்டையப்பம் வீட்டில் செய்யலாமா?
(வாசகி, குளச்சல்)

பதில்: அரிசிமாவு, சர்க்கரை, சிறுபயறு எல்லாம் வீட்டில் இருக்கும், செய்யலாம். வீட்டில் செய்தால் அது பெரிய கொழுக்கட்டை. தலைவலி போக வேண்டும் என்று நேர்ந்து, மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டில் அம்மன் முன்னால் வைத்தால்தான் மண்டையப்பம்.

கேள்வி: 1960-களில் பள்ளிக்கூடத்தில் மஞ்சளாக ஒரு உப்புமாவும், பாலும் தருவார்கள். அந்த உப்புமா மாதிரி இன்றுவரை வேறு எங்கும் சாப்பிட்டதில்லை. அது என்ன மாவு?
(விவசாயி, திருவட்டாறு)

பதில்: மக்காச்சோள மாவு. காமராஜர் 1956-ல் தொடங்கின மதிய உணவுக்கு, 60-களில் ‘கேர்’ அமைப்பு வழியாக அமெரிக்காவிலிருந்து மாவும் பால்பொடியும் எண்ணெயும் வந்தது. மாவு மூட்டையில் இரண்டு கைகள் குலுக்குகிற படம் இருக்கும். ருசி என்று சொன்னால் பொய், கட்டி கட்டியாக, அடியில் பிடித்து, கொஞ்சம் எண்ணெய் நாற்றத்தோடு இருக்கும். ஆனால் காலையில் நீச்சத்தண்ணி குடித்துவிட்டு மூன்று மைல் நடந்து வந்த பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்? வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பிள்ளை தன் பங்கில் பாதியைப் பூவரச இலையில் பொதிந்து சட்டைக்குள் ஒளித்து வைப்பாள், வீட்டில் தம்பி இருந்தான்.

பால்பொடியை நாங்கள் பாலாகக் குடித்ததைவிடப் பொடியாகத் தின்றதுதான் அதிகம். ஒரு கை அள்ளி வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், விரலை விட்டு நோண்டி எடுக்க வேண்டும், அப்போது வாத்தியார் கேள்வி கேட்டால் தீர்ந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், பால்பொடி மூட்டையில் பாதி எந்த வீட்டுக்குப் போனது என்பதும் வேண்டாம், அந்த வீட்டுக் கன்றுக்குட்டி மட்டும் நன்றாகக் கொழுத்திருந்தது.

அந்த மாவு திரும்ப வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. உங்களுக்கு இருந்தால் கடையில் மக்காச்சோள மாவு கிடைக்கிறது, அடிப்பிடிக்க விடுங்கள்.

கேள்வி: உங்கள் கேள்விக்கு எல்லாரும் அக்கானி என்றுதான் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் அப்பா பனையேறி. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்தார், எட்டு வருஷம் கட்டிலில் கிடந்தார். புகையில் உட்கார்ந்து காய்ச்சியே அம்மாவுக்குக் கண் கெட்டுப்போனது. எனக்கு அந்த வாசனை வந்தாலே தலை வலிக்கும். நீங்கள் எல்லாரும் இதை எப்படி ஆசையாக எழுதுகிறீர்கள்?
(செவிலியர், இரணியல் பக்கம்)

பதில்: இந்தக் கடிதம் கடைசியாக வந்தது. மூன்று தடவை படித்தேன். மேலே மார்த்தாண்டம் தம்பிக்கு எழுதின பதிலைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன், அப்புறம் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் விளைக்கு வந்தவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிட்டோம். பனையில் சாய்த்து வைத்து ஏறுகிற முருக்குத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பில் அரிவாள்பெட்டியோடு இருட்டு பிரிவதற்கு முன்னால் வந்துவிடுவார். அவர் நெஞ்சிலும் உள்ளங்கையிலும் தோல் மரப்பட்டை மாதிரி காய்த்துப்போயிருக்கும், சின்னப் பிள்ளையில் நான் அதைத் தொட்டுப் பார்த்து வலிக்குமா என்று கேட்டிருக்கிறேன், சிரித்தார். நாளுக்கு முப்பது பனை, காலையில் ஒரு தடவை, பாளை சீவச் சாயங்காலம் ஒரு தடவை. ஒரு பனை நாற்பத்தைந்து அடி என்று வைத்தால் ஏறுவது மட்டும் 2,700 அடி. கன்னியாகுமரியில் நிற்கிற திருவள்ளுவர் சிலை 133 அடி, அதன் உச்சிக்கு நாளும் இருபது தடவை ஏறி இறங்குகிற கணக்கு. கயிறு கிடையாது, காலில் மாட்டுகிற வளையம், திளாப்பு மட்டும். நாங்கள் கீழே மாங்காயோடு நின்றோம். இதை நான் முதல் பதிலில் எழுதவில்லை, எழுதத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

அவர் பிள்ளைகள் மூன்று பேரும் படித்தார்கள், ஒருவரும் பனையைத் தொடவில்லை, மாமாவே விடவில்லை. அவருக்கு முடியாமல் போன பிறகு எங்கள் ஒன்பது பனையும் ஏறாமல் நின்றது, அப்புறம் ஒவ்வொன்றாகச் செங்கல் சூளைக்குப் போனது. இன்று அந்த விளையில் ரப்பர். போன சித்திரையில் கருப்பட்டி வாங்கப் போன இடத்தில் கிலோ விலையைக் கேட்டு, கொஞ்சம் குறைத்துக் கொள்ளக்கூடாதா என்று நானும் பேரம் பேசினேன். உங்கள் கடிதம் அதற்கு முன்னால் வந்திருந்தால் பேசியிருக்கமாட்டேன்.

உங்களுக்குத் தலை வலிக்க நியாயம் இருக்கிறது. நீங்கள் குடிக்க வேண்டாம்.

கேள்வி: பேத்திக்கு ஆறு மாதம் முடிந்தது. மட்டிப்பழம் கொடுக்கச் சொன்னால் மருமகள் யோசிக்கிறாள். கொடுக்கலாமா?
(பாட்டி, சுசீந்திரம்)

பதில்: மருமகள் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும், அவர் சரி என்றால் தாராளமாக மசித்துக் கொடுக்கலாம், நம் பக்கத்தில் முதல் பழம் எப்போதும் மட்டிதான். 2023-ல் நம் மட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லிப் பாருங்கள், மாமியார் சொன்னால் எடுபடாதது சில நேரம் அரசாங்கம் சொன்னால் எடுபடும்.

கேள்வி: எங்கள் பாட்டி அயினிச்சக்கை என்று சொல்கிறார்கள். என் வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை. அது பலாப்பழமா?
(ஏழாம் வகுப்பு மாணவன், தக்கலை)

பதில்: பலாவுக்குச் சின்னத் தம்பி. பலாப்பழம் நம் ஊரில் சக்கை, இது அயினி மரத்தில் காய்ப்பதால் அயினிச்சக்கை. உன் இரண்டு கைக்குள் அடங்கும், வெளியே முள்ளு முள்ளாக இருக்கும், பழுத்தால் ஆரஞ்சு நிறம், உள்ளே சின்னச் சின்னச் சுளை, ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டை. மரம் நேராக வானத்துக்குப் போகும், வள்ளம் செய்யவும் கதவு நிலை செய்யவும் அந்தத் தடிதான் வேண்டும் என்று வெட்டிவிட்டார்கள். ஏறிப் பறிப்பது லேசான வேலை இல்லை, வௌவாலும் காக்கையும் தின்று போட்டதைத்தான் நாங்கள் பொறுக்கினோம்.

சித்திரை வைகாசியில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு குலசேகரம் பக்கம் ஏதாவது சொந்தக்காரர் வீட்டுக்குப் போ, மரம் எங்கே நிற்கிறது என்று அங்கே கேட்டால் காட்டுவார்கள். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடாதே, கழுவிக் காயவைத்து வெறும் சட்டியில் மணல் போட்டு வறுத்தால் நிலக்கடலை தோற்றுப்போகும். படபடவென்று வெடிக்கும், கொஞ்சம் தள்ளி நில். உப்புத்தண்ணீர் எப்போது தெளிப்பது என்று பாட்டியிடம் கேள். எங்கள் வீட்டில் இறக்குவதற்கு முன்னால் தெளிப்பார்கள், இறக்கின பிறகுதான் தெளிக்க வேண்டும் என்று உன் பாட்டி சண்டைக்கு வரலாம். யார் சொன்னது சரி என்று வறுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.